கொசுவர்த்தி கொளுத்தாத வீட்டுக்கு நன்றி

எல்லோருக்கும் வணக்கம்.

வெள்ளம் வந்த அந்த வாரம் என்ன நடந்தது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. எங்கள் ஆய்வுக்கூடத்தில் தண்ணீர் எதுவரை ஏறியது என்பதைச் சுவரைப் பார்த்தாலே தெரியும். தரைத்தளத்தில் உருப்படியாக மிஞ்சியவை நாங்கள் ஆய்வுக்காக வளர்க்கும் கொசுக்கள் மட்டும்தான். அவை எப்படிப் பிழைத்தன என்று சொல்லத்தான் இந்த மடல்.

டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு பற்றி நான் பயப்படவில்லை. அதன் முட்டைகள் வடிதாளில் காய்ந்தபடியே மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். உறையில் போட்டு, பைக்குள் வைத்துக்கொண்டு கிளம்பிவிட்டோம். யானைக்கால் நோயைப் பரப்பும் கியூலெக்ஸ் அப்படியல்ல. நூற்றுக்கணக்கான முட்டைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு தண்ணீர்மேல் குட்டித் தோணி மாதிரி மிதக்கும், காய்ந்தால் செத்தது. தலைமுறை அறாமல் வளர்த்துக்கொண்டே இருந்தால்தான் உண்டு. அதுவும் எங்களிடம் இருப்பது பூச்சிமருந்துக்குப் பழகாத பழைய வம்சம். ஊரில் பிடிக்கும் கொசு மருந்தை எவ்வளவு தாங்குகிறது என்பதை இதோடு ஒப்பிட்டுத்தான் கணிக்கிறோம். இது போனால் சாக்கடையில் இன்னொன்றைப் பிடித்துவர முடியாது. அங்கே இருப்பவையெல்லாம் மருந்தில் ஊறியவை.

எங்களிடம் வேலை பார்த்து ஓய்வுபெற்ற பூச்சி சேகரிப்பாளர் ஒருவர் இருக்கிறார். எங்களுக்கெல்லாம் அவர் ‘கலெக்டர் அண்ணன்’. 1981 முதல் 1985 வரை புதுச்சேரியில் யானைக்கால் கொசுவை ஒடுக்கும் திட்டம் நடந்தபோது, வாயால் உறிஞ்சும் கண்ணாடிக் குழாயும் டார்ச்சுமாக விடியற்காலையில் வீடு வீடாக ஏறி இறங்கியவர். யானைக்கால் நுண்புழுக்கள் ராத்திரியில்தான் ரத்தத்தில் மேலே வரும் என்பதைப் பாடப்புத்தகத்தில் படித்திருந்தேன். ராத்திரி பத்து மணிக்கு முன்பின் தெரியாத வீட்டுக் கதவைத் தட்டி, தூங்கும் மனிதரை எழுப்பி, திட்டு வாங்காமல் விரல்நுனியில் ஒரு சொட்டு எடுப்பது எப்படி என்பதை இவரிடம்தான் படித்தேன்.

யாரும் கூப்பிடாமலே வந்தார். மீனவர் ஒருவரின் பைபர் படகில் கூண்டுகளை ஏற்றித் தன் வீட்டுக்குக் கொண்டுபோனார். (நோய்க்கிருமி ஏதும் ஏற்றாத சுத்தமான கொசுக்கள், அக்கம்பக்கத்தார் பயப்பட வேண்டாம்.)

சில நாள் கழித்து நான் போய்ப் பார்த்தபோது, வீட்டின் உள்ளறைக் கட்டிலில் கூண்டுகள் வரிசையாக இருந்தன. எறும்பு ஏறாமல் இருக்க கட்டிலின் நான்கு கால்களும் தண்ணீர்க் கிண்ணங்களில். கூண்டுகளுக்குள் ஊறவைத்த உலர்திராட்சை. எனாமல் தட்டுகளில் தண்ணீரில் கொசுப்புழுக்கள். அவற்றுக்கு ஈஸ்ட்டும் நாய் பிஸ்கட் பொடியும். பிஸ்கட்டை அம்மியில் பொடித்தது அண்ணி.

வெள்ளம் வடிந்த ஊரில் கொசு எப்படி இருக்கும்! ஆனால் அந்த வீட்டில் சுருள் கொளுத்தவில்லை, மருந்து மெஷின் செருகவில்லை, சாம்பிராணிகூடப் போடவில்லை. கூண்டுக்குள் இருப்பவை எந்தப் புகையையும் தாங்காது என்பதற்காக வெளியே இருப்பவற்றிடம் குடும்பமே கடி வாங்கியிருக்கிறது. பேத்தியை மட்டும் வலைக்குள் படுக்கவைத்தார்கள். புகைமருந்து அடிக்கும் வண்டிச் சத்தம் தெருமுனையில் கேட்டதும் அண்ணி ஓடிப்போய் உள்ளறையைச் சாத்தி, கதவு இடுக்கில் ஈரத்துணியைத் திணிப்பாராம். கூண்டுகளைத் திரும்ப எடுத்த அன்று அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: “இனிமே கொளுத்தலாமாப்பா?”

பள்ளத்திலிருந்து தூக்கிவிட்ட மற்றவர்களை ஒரே வரியில் சொல்வது அநியாயம்தான். படகுக்காரர்கள், மின்வாரிய ஊழியர்கள், சேற்றை அள்ளிய துப்புரவுத் தொழிலாளர்கள், ரத்தம் தடவிய கண்ணாடிச் சில்லுகளை ஒவ்வொன்றாகத் துடைத்துக் காயவைத்த மாணவர்கள், தங்கள் உறைபெட்டியில் எங்களுக்கு இடம் தந்த நண்பர்கள் எல்லோருக்கும் தலைவணங்குகிறேன்.

ஒன்று மட்டும் மனதைக் குடைகிறது. 1897 ஆகஸ்டில் செகந்திராபாதில் ரொனால்ட் ராஸ், கொசுவின் வயிற்றுச் சுவரில் மலேரியா ஒட்டுண்ணியைக் கண்டார். 1902இல் நோபல் பரிசு வந்தது. அந்தக் கொசுக்களுக்குத் தன் உடம்பைக் கடிக்கக் கொடுத்த நோயாளி ஹுசேன் கானுக்குக் கடித்த கொசு ஒன்றுக்கு ஓர் அணா கிடைத்தது. நூறு வருஷத்துக்கு மேல் ஆகியும் நாங்கள் பெரிதாக மாறிவிடவில்லை. என் கட்டுரைகளில் பாதிக்கு மேல் அண்ணன் பிடித்த கொசு. அவர் பெயர் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில், அதுவும் சிலவற்றில்தான். இந்த வம்சத்தை வைத்து இனி எழுதும் முதல் கட்டுரையில் அவர் ஆசிரியர்களில் ஒருவராக இருப்பார். இதழ்காரர்கள் கேள்வி கேட்டால் பதில் சொல்ல நான் இருக்கிறேன்.

திராட்சைக்கும் பிஸ்கட்டுக்கும் ஆன காசை வாங்க மாட்டேன் என்கிறார். அதை அண்ணியிடம் பேசிக்கொள்கிறேன்.

முட்டை கேட்டு எழுதியிருக்கும் மற்ற கூடத்தாருக்கு: இன்னும் இரண்டு தலைமுறை பொறுங்கள். எண்ணிக்கை கொஞ்சம் ஏறட்டும், கட்டாயம் அனுப்புகிறோம்.