விடுதலைப் பத்திரம்

ஜார்ஜ் டவுன், பினாங்கு

அன்புள்ள அண்ணனுக்கு,

உங்கள் கடிதமும், நிலத்தில் என் பங்கை உங்களுக்கே விட்டுக்கொடுப்பதாக நான் கையெழுத்திட வேண்டும் என்று உள்ளே மடித்து வைத்திருந்த விடுதலைப் பத்திர நகலும் வந்து மூன்று வாரமாகிறது. பதில் போடாமல் இருந்ததற்கு மன்னியுங்கள். சரக்கு இறக்கும் வேலை இரவு வரை இழுக்கிறது. சாப்பாட்டுக்குக் குறையில்லை. இந்த மாதப் பணம் சற்றுத் தாமதமாகும். வேறு காரணம் ஒன்றுமில்லை என்று அம்மாவிடம் சொல்லிவிடுங்கள்.

பக்கத்து அறைச் சீனப் பெரியவரைப் பற்றி எழுதியிருந்தேனே, கல்லூரியில் தத்துவம் சொல்லிக்கொடுத்தவர். இது டுரியான் காலம். பாலிக் புலாவ் ஊர்ப் பழம் ஒன்றை அஞ்சடியில் (கடைகளின் முன்தாழ்வாரத்துக்கு இங்கே அதுதான் பெயர்) பழைய செய்தித்தாளை விரித்து வைத்து, முள்ளோட்டில் கத்தியை நுழைத்துத் திருகிப் பிளந்தார். சுளைகளை மூன்று கூறாக வைத்துவிட்டு, என்னையும் கீழ்க்கடைப் பையனையும் முதலில் எடுக்கச் சொன்னார். கூறு போட்டவன் கடைசியில்தான் எடுக்க வேண்டுமாம். ஜான் ரால்ஸ் என்ற அமெரிக்கர் 1971-இல் எழுதியதைச் சொன்னார்: செல்வமோ உடல்வலுவோ தனக்கு எது வாய்க்கும் என்று அறியாதவனாக இருந்து பங்கீட்டு விதியை வகுக்க வேண்டும், ஏற்றத்தாழ்வு இருந்தாலும் அது கடைக்கோடியில் நிற்பவருக்கு நன்மை தர வேண்டும்.

"இருபது வருஷம் உழுதவன் நான், நிலம் எனக்கே" என்ற உங்கள் வரியை அவரிடம் சொன்னேன். முதலில் உங்கள் பக்கம்தான் பேசினார். ரால்ஸைப் போலவே ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் இருந்த ராபர்ட் நாஸிக் 1974-இல் ரால்ஸை மறுத்தாராம். நியாயமாக வந்த பொருளை, நிரவிக் கொடுக்கிறேன் என்று எடுக்க அரசுக்கும் உரிமை இல்லை. உழைத்த கூலிக்கு வரி கேட்பதே கட்டாய உழைப்புக்குச் சமம் என்பது அவர் வாதம். எனக்கு அதைத் தள்ள முடியவில்லை. உங்கள் உள்ளங்கைக் காய்ப்பைப் பார்த்து வளர்ந்தவன் நான்.

ஆனால் நாஸிக் முதலில் கேட்பதே, பொருள் கைக்கு எப்படி வந்தது என்றுதான். அண்ணா, கிணறு வற்றிய வருஷம் மோட்டார் வாங்கியது நம் உடன்பிறந்த கோமதியின் தோட்டை அடகு வைத்து. அதை நாம் மீட்கவே இல்லை. நிலமும் தாத்தா வழி வந்தது. இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 2005 திருத்தத்துக்குப் பிறகு பூர்வீகச் சொத்தில் மகளும் மகனோடு சமபங்காளி. கணவனை இழந்து வந்தவள் என்று இரங்கி நாம் எதுவும் கொடுக்க வேண்டாம், அவளுடையதை அவளிடம் விட்டால் போதும்.

குயின் தெரு மாரியம்மன் கோயில் மணி அடிக்கிறது. நம் ஊர்க் கோயிலில் மணிக்கயிறு எட்டாமல் அழுத கோமதியைத் தோளில் தூக்கி நிறுத்தியது நீங்கள்தான். சில நாள் இந்த மணி கேட்டால் எழுந்து கதவைச் சாத்திவிடுகிறேன்.

அம்மாவின் பங்கை வக்கீலிடம் கேட்டுக்கொள்ளுங்கள். மற்றதில் கிணறு பொதுவாக இருக்கட்டும். வரப்பை நீங்களே போடுங்கள். கோமதி முதலில் எடுக்கட்டும், அடுத்து நான், பிறகு நீங்கள். உங்கள் உழைப்புக்காக என் பங்கில் பாதியை எழுதித் தருகிறேன். அதிகாரப் பத்திரத்துக்குக் கோலாலம்பூர் தூதரகத்தில் சான்று பெற்று அனுப்புகிறேன்.

நகலைக் கையெழுத்திடாமல் திருப்பி வைத்திருக்கிறேன். கோமதியிடமும் கேட்காதீர்கள். அண்ணியின் முழங்காலுக்கு ஜாதிக்காய்த் தைலம் தனியே தபாலில் வருகிறது.

உங்கள் தம்பி