ஆறாவது பாட்டின் மீதிப் பாதி: ஒரு நன்றி மடல்

அன்புடையீர்,

வணக்கம். 1986ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் என் கைக்கு வந்த ஒரு கேசட்டை நான் கடைசிப் பாட்டு வரை கேட்டு முடிக்க 39 ஆண்டுகள் ஆகியிருக்கின்றன. அதை முடித்து வைத்தவர்கள் வெவ்வேறு ஊர்களில் இருப்பவர்கள்; பெரும்பாலும் ஒருவரை ஒருவர் அறியாதவர்கள். எல்லோருக்கும் தொலைபேசியில் நன்றி சொல்லிவிட்டேன். ஆனாலும் முழுக் கதையும் ஓரிடத்தில் இருந்தால்தான் தாங்கள் செய்தது என்ன என்பது அவர்களுக்கே விளங்கும் என்று தோன்றியதால் இதைப் பொதுவில் எழுதுகிறேன்.

முதல் நன்றி அண்ணைக்கு. முதுநிலைப் பொறியியல் படிக்க ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவுக்குப் போயிருந்த நான், ஹில்ஹெட் பகுதியில் பழைய மணற்கல் கட்டடம் ஒன்றின் மூன்றாம் மாடி வீட்டை அவரோடு பகிர்ந்துகொண்டிருந்தேன். யாழ்ப்பாணத்துக்காரர், என்னைவிட ஏழு வயது மூத்தவர். வீட்டில் இருந்த நான்கு பேரும் அவரை அண்ணை என்றே கூப்பிடுவோம். நூலகத்திலிருந்து இசைத்தட்டுகளை இரவல் வாங்கிக் கேசட்டில் பதிந்துகொள்வது அவர் வழக்கம். அந்த ஆண்டு அவர் எனக்குக் கொடுத்த 60 நிமிட கேசட்டின் ஒரு பக்கத்தில் இளையராஜாவின் பாட்டுகள் இருந்தன. மறுபக்கத்தில் பெயர் தெரியாத ஓர் ஆங்கிலத் தொகுப்பு. அட்டையில் அண்ணை தம் குண்டுக் கையெழுத்தில் ‘நீலநதி’ என்று தமிழில் எழுதியிருந்தார். "தம்பி, இதைப் பகலிலை கேளாதையும், மழை பெய்யிற இரவிலை கேளும்" என்று சொல்லித்தான் கொடுத்தார்.

நான் அப்படியே கேட்டேன். ஆரஞ்சு நிறச் சுரங்க ரயிலிலிருந்து இறங்கி, சோடியம் விளக்கின் மஞ்சள் ஒளி ஈரச் சாலையில் பரவிக் கிடக்க, காதில் ஒலிப்பானை மாட்டிக்கொண்டு வீடு வரை நடப்பேன். வாத்தியங்கள் மிகக் குறைவு. தந்திக் கருவிகள் ஒரு கணம் எழுந்து அடங்கும். பேஸ் கிதார் இரண்டு சுரத்தைச் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்ளும். அந்த இடைவெளியில் ஓர் ஆண் குரல், பாதிப் பேச்சும் பாதி உருக்கமுமாகப் பாடும். சோல் என்னும் அமெரிக்கக் கறுப்பின இசையின் பாடகர்களிடம் இருக்கும் அந்த நெஞ்சுக் கரகரப்பு, அலங்காரம் ஏதுமில்லாமல் அதில் இருந்தது. ஒரே ஒரு குறை. தொகுப்பு முழுவதும் சுமார் 38 நிமிடம்; கேசட்டின் பக்கமோ 30 நிமிடம். முதல் ஐந்து பாட்டுகள் 26 நிமிடத்துக்குச் சற்று மேல் ஓடும். ஆறாவது பாட்டு சூடுபிடிக்கும் இடத்தில் ‘டக்’ என்று நாடா நின்றுவிடும். ஏழாவது என்று ஒன்று உண்டு என்பதே எனக்குத் தெரியாது.

1988இல் அண்ணை கனடா போனார். அடுத்த ஆண்டு நான் கோவைக்குத் திரும்பினேன். பம்புத் தொழிற்சாலை, திருமணம், பிள்ளைகள் என்று ஆண்டுகள் போயின. கேசட் ஒரு இரும்புப் பெட்டிக்குள் போயிற்று. பாட்டின் ஒரு வரியை இணையத்தில் தட்டியிருந்தால் கிடைத்திருக்குமே என்று கேட்பீர்கள். ‘ப்ளூ ரிவர்’ என்று இரண்டொரு முறை தட்டிப் பார்த்து, வேறெதையோ கண்டு விட்டுவிட்டேன். உண்மையைச் சொன்னால், நான் முனைந்து தேடவே இல்லை.

பெட்டியைத் திறந்தது சென்ற ஆண்டு, வீடு மாற்றும்போது. கேசட்டைப் போட்டால் ஒலி ஆழ்கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல் மங்கிக் கேட்டது. காந்திபுரத்தில் இன்றும் டேப் ரிக்கார்டர் பழுது பார்க்கும் மெக்கானிக் ஒருவரிடம் கொண்டுபோனேன். அவர் கேசட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தவுடனேயே சொல்லிவிட்டார்: "டேப்புக்கு ஒண்ணும் ஆகலைங்க சார், பஞ்சு உதிர்ந்துபோச்சுங்க, அவ்வளவுதான்." நாடாவை ஒலிமுனையோடு அழுத்திப் பிடிக்கும் நகக்கண் அளவுக் கம்பளித் துண்டைத்தான் பஞ்சு என்றார். ஐந்து சிறு திருகாணிகளைக் கழற்றி, கூட்டைப் பிளந்து, நாடா சிக்கிக்கொள்ளாமல் இரு சுருள்களையும் விரல்நுனியால் அப்படியே தூக்கி வேறொரு நல்ல கூட்டுக்குள் வைத்தார். பென்சிலைச் சொருகி நான்கு சுற்றுச் சுற்றி இறுக்கினார். எண்பது ரூபாய்க்கு மேல் வாங்க மறுத்துவிட்டார். ஐயா, அந்த எண்பது ரூபாய்க்கு நீங்கள் திருப்பித் தந்தது என் இருபத்து நான்காவது வயதை.

அன்றிரவே முதல் இரண்டு நிமிடத்தைக் கைப்பேசியில் பதிந்து, இப்போது கிளாஸ்கோவில் படிக்கும் என் தங்கை மகளுக்கு அனுப்பினேன். பத்து நிமிடத்தில் பதில் வந்தது: "மாமா, இது த ப்ளூ நைல்!" நீலநதி என்று அண்ணை எழுதியது ஆற்றின் பெயரையே மொழிபெயர்த்துத்தான் என்பது அப்போதுதான் உறைத்தது. இருபத்திரண்டு வயதுப் பெண்ணுக்கு இது எப்படித் தெரியும் என்று கேட்டேன். 2024இல் வந்த டெய்லர் ஸ்விஃப்டின் பாட்டு ஒன்றில் இந்தக் குழுவின் பெயரும் இவர்களுடைய ‘த டவுன்டவுன் லைட்ஸ்’ பாட்டும் வருகின்றனவாம்; அதைப் பிடித்துக்கொண்டு அவள் வகுப்பில் பாதிப் பேர் பழைய தொகுப்புகளைக் கேட்டிருக்கிறார்கள். ஆகவே இந்த மடலின் நன்றி, ஒருபோதும் இதைப் படிக்கப்போகாத அந்த அமெரிக்கப் பாடகிக்கும் சேர்த்தே.

பெயர் தெரிந்தபின் மற்றவையெல்லாம் தெரிந்தன. கிளாஸ்கோ நகரத்துக்காரர்களான பால் புக்கானன், ராபர்ட் பெல், பால் ஜோசப் மூர் ஆகிய மூவர்தான் குழு. 1981இல் தாங்களே வெளியிட்ட முதல் சிறுதட்டை ஒரு பெரிய நிறுவனம் ஏற்றுக்கொண்ட கையோடு, அந்த நிறுவனமே இன்னொன்றோடு இணைந்து மறைந்துபோனது. பிறகு எடின்பரோவுக்குக் கிழக்கே பென்கெய்ட்லண்ட் என்ற சிற்றூரில், பழைய பள்ளிக்கட்டடத்தில் இயங்கிய காஸில் சவுண்ட் ஒலிப்பதிவுக் கூடத்தில், ஒலிப்பதிவாளர் கேலம் மால்கம் துணையோடு பாட்டுகளை உருவாக்கினார்கள். அவர் வழியாகப் பதிவைக் கேட்ட லின் என்ற கிளாஸ்கோ நிறுவனம், இசைத்தட்டுக் கம்பெனியே அல்ல. இசைத்தட்டைச் சுழற்றும் உயர்தரக் கருவிகளைச் செய்யும் பொறியியல் நிறுவனம். இவர்களுக்காகவே அது இசைத்தட்டு வெளியிடும் பதிப்பகம் ஒன்றைத் தொடங்கியது. அதன் முதல் வெளியீடுதான், 1984இல் வந்த ‘எ வாக் அக்ராஸ் த ரூஃப்டாப்ஸ்’ என்னும் இந்தத் தொகுப்பு. பிரித்தானிய விற்பனைப் பட்டியலில் அது தொட்ட உயரம் 80ஆம் இடம்.

ஒரு பொறியியல்காரனாக இந்த இடத்தில் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டியிருக்கிறது. அந்தக் காலத்துப் பல தொகுப்புகளை இன்று கேட்டால், எதிரொலி ஏற்றிய முரட்டு டிரம்ஸ் சத்தமே முன்னால் வந்து நின்று வயதைக் காட்டிக்கொடுத்துவிடும். இவர்களுடைய மூவரில் டிரம்ஸ் வாசிப்பவரே கிடையாது. இயந்திரத் தாளத்தை வைத்துக்கொண்டு, தேவைப்பட்ட இடத்தில் நைஜல் தாமஸை அழைத்து வாசிக்க வைத்தார்கள். ஆள் இல்லாத குறையை நிரப்பாமல் இடத்தைக் காலியாகவே விட்டார்கள். அதனால்தான் இன்றும் இது புதிதாக இருக்கிறது என்பது என் துணிபு. 1989இல் வந்த இவர்களுடைய இரண்டாவது தொகுப்பான ‘ஹேட்ஸ்’ 12ஆம் இடம் வரை ஏறியது; அதுவே மேல் என்பார் பலர். அது வழவழப்பானது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் முதல் தொகுப்பில் சுவர்ச் சுண்ணாம்பு இன்னும் காயவில்லை, அந்த ஈரம்தான் எனக்கு வேண்டும். எல்லோரும் கொண்டாடுவது ‘டின்சல்டவுன் இன் த ரெயின்’ பாட்டை. நான் கேட்பதோ பியானோவோடு ஏறத்தாழத் தனித்து ஒலிக்கும் ‘ஈஸ்டர் பரேட்’. இருபது ஆண்டுகளில் நான்கே தொகுப்புகள் வெளியிட்ட இந்த மூவருக்கும் மால்கம் அவர்களுக்கும் தமிழில் ஒரு நன்றி எங்காவது இருக்கட்டும்.

கைப்பேசியிலேயே முழுத் தொகுப்பையும் கேட்டுவிடலாம் என்று தங்கை மகள் சொன்னாள். நான் வேண்டாம் என்றேன். என் பிடிவாதத்தை மதித்து, அவள் மூன்று சனிக்கிழமைகள் பழைய இசைத்தட்டுக் கடைகளில் அலைந்து, 1984 பதிப்பையே தேடிப்பிடித்தாள். விடுமுறைக்கு ஊர் திரும்பிய அவளுடைய தோழி, ஸ்வெட்டர்களுக்கு நடுவே வைத்து, ஒரு கீறல் விழாமல் கொண்டுவந்து சேர்த்தாள். இரண்டு பெண்களுக்கும் என் ஆசியும் நன்றியும். தட்டு வந்தது, போட்டுக் கேட்கக் கருவி இல்லை. எங்கள் தெருவில் குடியிருக்கும் குழந்தை மருத்துவர் தம் தகப்பனாரின் பழைய டர்ன்டேபிளை எனக்காக இறக்கித் துடைத்து, புது பெல்ட் வரவழைத்துப் பூட்டி, ஒரு ஞாயிறு மாலை வீட்டுக்கு அழைத்தார். லின் கருவி அல்ல; அதனால் குறையொன்றும் இல்லை.

இரண்டாம் பக்கத்தில் மூன்றாவதாக ‘ஹீட்வேவ்’ ஓடத் தொடங்கியது. நான்காவது நிமிடம் நெருங்கியபோது என் வலது கை தானாகவே நீண்டது. கேசட்டைத் திருப்பிப் போட. டாக்டர் என்னை விநோதமாகப் பார்த்தார். பாட்டு நிற்கவில்லை. இன்னும் மூன்று நிமிடம் போல அது தொடர்ந்து போனதைக் கேட்டபோது, பூட்டியே கிடந்த அடுத்த அறையின் கதவு திறந்தாற்போல் இருந்தது. பிறகு வந்தது ‘ஆட்டோமொபைல் நாய்ஸ்’. இரும்பும் இரும்பும் மோதும் ஒலியை மெதுவாக அடுக்கி அதன்மேல் அந்தக் குரல். முப்பது ஆண்டுகள் வார்ப்படச் சாலையின் பக்கத்தில் உட்கார்ந்து வேலை பார்த்தவனுக்கு அந்தச் சத்தம் புதிதில்லை. அதை இவ்வளவு மெல்ல ஒருவர் பாடிவிட முடியும் என்பதுதான் புதிது. டாக்டரும் அவர் மனைவியும் தட்டு நின்ற பிறகும் பேசாமல் இருந்தார்கள். காபி ஆறிப்போயிருந்தது. அந்த மௌனத்துக்கும் நன்றி.

மறுநாள் அண்ணையின் எண்ணைத் தேடி வாங்கி டொராண்டோவுக்குப் பேசினேன். ஆறாவது பாட்டைப் பாதியில் நிறுத்திவிட்டீர்களே, வேறொரு கேசட்டில் மீதியைப் பதிந்து தந்திருக்கக் கூடாதா என்று முப்பத்தொன்பது ஆண்டுக் குறையைச் சொன்னேன். சிறிது நேரம் யோசித்துவிட்டு அவர் சொன்னார்: "அண்டைக்கு இரவு வேலையாலை வந்தனான் தம்பி, பதியேக்குள்ளையே நித்திரையாகிட்டன். விடியத் தட்டைத் திருப்பிக் குடுக்க வேண்டிக் கிடந்தது. அதுக்குப் பிறகு நானும் அந்த மீதியைக் கேட்கேல்லை. உம்மட்டை இருக்கே, அனுப்புமன்."

2012இல் செம்மைப்படுத்தி வெளியிட்ட குறுந்தட்டுப் பதிப்பை அவர் முகவரிக்கு வரவழைத்திருக்கிறேன். மேலட்டையில் ‘நீலநதி’ என்று எழுதி ஒட்டித் தரும்படி, பக்கத்தில் இருக்கும் அவர் பேத்தியிடம் சொல்லியிருக்கிறேன்.

நன்றியுடன்,
கோவையிலிருந்து, ஹில்ஹெட் மூன்றாம் மாடித் தம்பி