நீ ஒரு குச்சி நடு, நான் ஒரு குச்சி நடுகிறேன்

தருமபுரி,
மார்ச் 9

அன்புள்ள சண்முகம்,

இங்கே எல்லாரும் நலம். தங்கச்சியும் பேரனும் எப்படி இருக்கிறார்கள்? ஹைதராபாத் வெயில் பேரனுக்கு ஒத்துக்கொண்டதா? ஊரில் புளி உலுக்கு முடிந்தது. வீட்டுத் திண்ணை முழுக்கப் புளிதான். அக்கம்பக்கத்துப் பெண்கள் உட்கார்ந்து கொட்டை தட்டும் சத்தத்தில்தான் இதை எழுதுகிறேன். மா இந்த வருஷம் நன்றாகப் பூத்திருக்கிறது.

'காஸ்மாஸ்' பார்த்து முடித்தாயா, எந்தப் பகுதி பிடித்தது என்று கேட்டிருந்தாய். போனில் சொன்னால் தீராது. 1980-ல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் வந்த, பிரபஞ்சத்தைப் பற்றிய அறிவியல் தொடர், மொத்தம் 13 பகுதிகள். பையன் பென் டிரைவில் ஏற்றிக் கொடுத்தான். அதை வழங்கும் வானியலாளர் கார்ல் சேகன் பேசுவதைக் கேட்டால், பெரிய விஷயத்தைச் சொல்கிறோம் என்ற அலட்டலே இருக்காது. பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிற மாதிரி இருக்கும்.

எனக்கு முதல் பகுதிதான் எல்லாவற்றுக்கும் மேல். அதிலும் பழைய கிரேக்க அறிஞர் எரடோஸ்தனிஸ் வரும் இடம். எகிப்தில் இருக்கும் அலெக்சாந்திரியா நகரத்து நூலகத்தின் தலைவராக இருந்தவர். தெற்கே சையீன் என்ற ஊரில், இன்றைக்கு அஸ்வான் என்கிறார்களே அங்கே, ஜூன் 21 உச்சிவேளையில் தூணுக்கு நிழலே விழாது என்று எங்கேயோ படிக்கிறார். அலெக்சாந்திரியாவில் அதே நாள் அதே நேரம் நிழல் விழுகிறது. நாமாக இருந்தால் 'சரி' என்று அடுத்த வரிக்குப் போயிருப்போம். அவர் போகவில்லை.

சேகன் இதை விளக்குகிற விதத்தைப் பார்க்க வேண்டும். எகிப்து வரைபடம் ஒன்றில் இரண்டு சின்னத் தூண்களை நிறுத்தி வைத்திருக்கிறார். படம் தட்டையாக இருக்கும்வரை இரண்டின் நிழலும் ஒரே மாதிரி. மெல்ல வளைக்கிறார். ஒரு தூணுக்கு நிழல் இல்லை, இன்னொன்றுக்கு நீள்கிறது. பூமி உருண்டை என்பதற்கு அதற்கு மேல் பேச்சே வேண்டாம். நிழல் காட்டிய கோணம் சுமார் 7 பாகை, அதாவது வட்டத்தில் ஐம்பதில் ஒரு பங்கு. இரண்டு ஊருக்கும் நடுவே ஏறக்குறைய 800 கிலோமீட்டர். ஐம்பதால் பெருக்கு: 40,000. இருந்த ஊரில் இருந்துகொண்டே 2,200 வருஷத்துக்கு முன்னால் பூமியின் சுற்றளவைச் சொல்லிவிட்டார். கடல் தாண்டிப் போன மாலுமிகள் எல்லாரையும்விட எனக்கு இவர்தான் பெரிய பயணி.

செவ்வாய் பற்றிய ஐந்தாம் பகுதியில் பெர்சிவல் லோவெல் என்ற வானியலாளர் வருகிறார். செவ்வாயில் இல்லாத கால்வாய்களை வருஷக்கணக்காக வரைந்தவர். ஆனால் என்னைத் தூங்கவிடாமல் செய்தவர் நுண்ணுயிர் ஆய்வாளர் உல்ஃப் விஷ்னியாக். செவ்வாயில் நுண்ணுயிர் தேட ஒரு கருவி செய்தார். செவ்வாய்க்குப் போன வைகிங் விண்கலத்தில் போகத் தேர்வாகி, பிறகு செலவு கூடுகிறது என்று அதை நீக்கிவிட்டார்கள். மனிதர் ஓய்ந்து உட்காரவில்லை. அண்டார்டிகாவின் வறண்ட பள்ளத்தாக்குகளில் உயிரே கிடையாது என்று மற்றவர்கள் சொல்ல, அங்கேயே போய்த் தேடினார். 1973 டிசம்பரில் பாறைச் சரிவில் விழுந்து இறந்துபோனார். அவர் விட்டுப்போன மாதிரிகளை மனைவி ஹெலன் ஆராய்ந்தார். அவற்றில் உயிர் இருந்தது. வைகிங் 1976-ல் இறங்கியதைவிட இதுதான் எனக்குப் பெரிதாகப் பட்டது.

ஆறாம் பகுதி வாயேஜர் விண்கலங்களைப் பற்றியது. வியாழனின் படங்கள் அருமை, ஆனால் படங்கள் நீயே பார்ப்பாய். நம் பக்கத்துச் சேதி ஒன்று மட்டும் சொல்கிறேன். வாயேஜர் கிளம்பிய அதே 1977-ல், மார்ச் மாதம், யுரேனஸ் ஒரு நட்சத்திரத்தை மறைத்தபோதுதான் அதற்கு வளையங்கள் இருப்பது தெரிந்தது. ஜவ்வாது மலைக் காவலூர் வானாய்வகத்திலும் அன்றைக்கு அதைப் பதிவு செய்தார்கள். 1986-ல் வாயேஜர் 2 யுரேனஸ் பக்கம் போய் அந்த வளையங்களைப் படமெடுத்தது. காவலூர், நம்மூரிலிருந்து பஸ் பிடித்தால் போய்விடக்கூடிய மலைதான்!

இப்போது உன்னிடம் ஒரு வேலை. தருமபுரிக்கும் நிழலில்லா நாள் உண்டு, ஏப்ரல் 21, 22 வாக்கில். ஆகஸ்டிலும் ஒன்று வரும், ஆனால் அப்போது மேகத்தை நம்ப முடியாது. ஹைதராபாத் நமக்கு அநேகமாக நேர் வடக்கில் இருக்கிறது. குறுக்கே அளந்தால் சுமார் 585 கிலோமீட்டர். நீ மொட்டை மாடியில் சரியாக ஒரு மீட்டர் நீளக் கம்பு ஒன்றை, தூக்குநூல் பிடித்துச் செங்குத்தாக நிறுத்து. பகல் 12.15 வாக்கில் நிழல் மிகக் குட்டையாகும்போது சாக்பீஸால் குறித்து அளந்து வை. வடக்குப் பக்கமாக 9 சென்டிமீட்டர் சொச்சம் விழவேண்டும். கோணமாகச் சொன்னால் அது 5 பாகைக்குக் கொஞ்சம் மேல். 360-ஐ அந்தக் கோணத்தால் வகுத்து, 585-ஆல் பெருக்கினால் என்ன வருகிறது பார். தரை மட்டமாக இருக்கிறதா என்பதை மட்டும் ரசமட்டம் வைத்துப் பார்த்துக்கொள். மாடித் தளத்தை மழைத் தண்ணீர் ஓடுவதற்குச் சரிவாகத்தான் போட்டிருப்பார்கள்.

இங்கே தெருப் பிள்ளைகளிடம் சொல்லியாகிவிட்டது. பேரனையும் கூட வைத்துக்கொள், அளக்கிற வேலையை அவனிடமே கொடு. 21, 22 இரண்டு நாளும் மதியம் வேறு வேலை வைத்துக்கொள்ளாதே; அளந்ததும் போன் பண்ணு. புளி ஐந்து கிலோ தனியாக எடுத்து வைத்திருக்கிறேன், யாராவது அந்தப் பக்கம் வந்தால் கொடுத்தனுப்புகிறேன்.

அன்புடன்,
மாதப்பன்