அந்தக் காப்பீட்டை எனக்கு விற்பீர்களா?

விளம்பரம் எடுக்கும் அண்ணன்மார்களுக்கும் அக்காமார்களுக்கும்,

வணக்கம். சிங்கப்பூர் உபி தொழிற்பேட்டையில் மணிக்கணக்கில் வாடகை கொடுத்து கிட்டார் வாசித்துப் பழகும் ஒருவன் எழுதுகிறேன். போன வாரம் உங்களில் ஒருவர் போன் செய்து, ஒரு காப்பீட்டு விளம்பரத்துக்கு நீளமுடி வைத்த ராக் ஆசாமி வேண்டும், ஒரு கல்யாணத்தில் உங்கள் பேண்ட் (இசைக்குழு) வாசித்ததைப் பார்த்தேன், வந்து நடித்துக் கொடுங்கள் என்றார். சந்தோஷம்தான். 1970களில் நீளமுடிக்காரர்களைக் கடைசியாகத்தான் கவனிப்போம் என்று அரசாங்க அலுவலகங்களில் சுவரொட்டி ஒட்டியிருந்த ஊர் இது. அப்பா இன்றும் அதைச் சொல்லித்தான் என்னை முடிவெட்டும் கடைக்குத் துரத்துகிறார். இப்போது அதே முடிக்குச் சம்பளம்!

ஆனால் ஒரு சங்கடம். இரண்டு வருடத்துக்கு முன் நானே ஒரு காப்பீடு எடுக்கப் போனேன். தொழில் என்ற கட்டத்தில் இசைக்கலைஞர் என்று எழுதியதும் எதிரே இருந்தவர் முகம் மாறியது, சம்பளச் சீட்டு உண்டா, ராத்திரி வேலையா என்று துருவிவிட்டு, பிறகு அழைக்கிறோம் என்றார். இன்னும் அழைக்கவில்லை.

இந்தக் கூத்து பெரிய ஆட்களுக்கும் நடந்திருக்கிறது. 2009இல் பிரிட்டனில் ஸ்விஃப்ட்கவர் என்ற கார் காப்பீட்டுக்கு ராக் பாடகர் இக்கி பாப் சட்டை போடாமல் குதித்துக் குதித்து நடித்தார். விஷயம் என்னவென்றால், அந்த நிறுவனம் அப்போது கலைத்துறையினருக்குக் காப்பீடே கொடுப்பதில்லை! புகார் போனது, அங்குள்ள விளம்பரத் தர ஆணையம் மக்களைத் திசைதிருப்புகிறது என்று அந்த விளம்பரத்தை நிறுத்தச் சொன்னது.

அதற்காக ராக் பாடகர்கள் விளம்பரத்துக்கே போகக்கூடாது என்று சொல்ல வரவில்லை. செக்ஸ் பிஸ்டல்ஸ் பேண்டின் பாடகர் ஜான் லைடன் 2008இல் கண்ட்ரி லைஃப் வெண்ணெய்க்கு நடித்தபோது, விலைபோய்விட்டார் என்று பலர் திட்டினார்கள். நான் திட்டமாட்டேன். அந்தப் பணத்தில்தான் தன் இன்னொரு பேண்டைத் திரும்பக் கூட்டினார், அப்புறம், வெண்ணெய் வாங்கப் போனால் உன் தொழில் என்ன என்று யாரும் கேட்பதில்லை. ஆனால் ராக் கிட்டார் கலைஞர் எரிக் கிளாப்டன் கதை வேறு. 1980களின் இறுதியில் அவர் பாட்டோடு பீர் விளம்பரம் டிவியில் ஓடிக்கொண்டிருந்த நேரத்தில் அவர் குடியை விடச் சிகிச்சையில் இருந்தார்.

வெறும் நடிப்புதானே தம்பி என்பீர்கள். பேர் இல்லாத கதாபாத்திரம் என்றால் சரி. நீங்களோ என் பெயரையும் பேண்டின் பெயரையும் திரையில் போட்டு, நான் நம்புவது இதைத்தான் என்று சொல்லச் சொல்கிறீர்கள். நற்சான்று கொடுப்பவர் சொந்த அனுபவத்தைத்தான் சொல்ல வேண்டும் என்று நம் ஊர் விளம்பர நெறிமுறையிலேயே இருக்கிறதே, என்னைவிட உங்களுக்குத்தான் அது நன்றாகத் தெரியும்.

வெள்ளிக்கிழமை ஒத்திகைக்கு வருகிறேன், முடியை வெட்டவில்லை. ஒப்பந்தத்தோடு அந்தக் காப்பீட்டின் விண்ணப்பப் படிவம் ஒன்றையும் எடுத்து வையுங்கள். தொழில் என்ற கட்டத்தை முதலில் நிரப்பிப் பார்த்துவிடுவோம்.

இப்படிக்கு,
உங்கள் ராக் ஆசாமி