அலைக்கற்றைப் பகிர்வில் ஏமாற்றுக்கு இடம் வேண்டாம்

ஆசிரியருக்கு,

அலைக்கற்றைப் பகிர்வு என்றாலே வேகத்தையும் விலையையும்தான் பேசுகிறோம். பாதுகாப்பு பின்னுக்குப் போய்விடுகிறது.

உரிமம் பெற்றவர் பயன்படுத்தாதபோது மற்றவர் அந்த அலைவரிசையை எடுத்துக்கொள்ளலாம், அவர் வந்ததும் விலகிவிட வேண்டும். ஏற்பாடு இவ்வளவுதான். தொலைக்காட்சி அலைவரிசைகளின் காலி இடங்களுக்காக 2011இல் வந்த, ஐஇஇஇ (IEEE) என்ற சர்வதேசப் பொறியாளர் அமைப்பின் 802.22 தரநிலையும் இதையே சொல்கிறது. சரி, ஒரு கருவி உரிமம் பெற்றவரின் சிக்னலைப் போலவே போலியாக அனுப்பினால்? சிக்னலின் ஆற்றலை மட்டும் அளக்கும் கருவிகளுக்கு வித்தியாசம் தெரியாது. எல்லாம் ஒழுங்காக ஒதுங்கிக்கொள்ளும், ஏமாற்றியவருக்கு அலைவரிசை முழுதாகக் கிடைத்துவிடும். விதியை மதிப்பவருக்கே நஷ்டம் என்பதைத்தான் பொறுக்க முடியவில்லை.

போட்டியில் இருப்பவர்கள் எப்படி முடிவெடுப்பார்கள் என்று கணிக்கும் கணிதமான ஆட்டக் கோட்பாடு இங்கே கைகொடுக்கும். ஒவ்வொருவரும் தன் லாபத்தையே பார்ப்பார் என்று வைத்துக்கொண்டு, பொய் கட்டுப்படியாகாதபடி விதிகளை அமைக்கச் சொல்கிறது அது. "இந்த அலைவரிசை காலியாக இல்லை" என்று மற்றக் கருவிகளுக்குப் பொய்த் தகவல் தரும் கருவிக்கு அடுத்தடுத்த பகிர்வுச் சுற்றுகளில் பங்கைக் குறைத்தால், இன்றைய ஆதாயத்தைவிட நாளைய இழப்பு பெரிதாகிவிடும். ஆனால் அடையாளத்தை மாற்றிக்கொண்டு புதிதாக நுழைய முடிந்தால் இந்தத் தண்டனை பலிக்காது. அதனால் அடையாளச் சரிபார்ப்பும் கூடவே வேண்டும். இடையூறு சிக்னல் அனுப்பித் தொடர்பைக் கெடுப்பவர்களைச் சமாளிக்க வேறு வழி: கருவிகள் எப்போதும் ஒரே வரிசையில் அலைவரிசை மாறினால் அவர்கள் சீக்கிரம் கண்டுபிடித்துவிடுவார்கள், ஊகிக்க முடியாதபடி மாற வேண்டும்.

பகிர்வு விதிகளை வகுப்பவர்கள் இவற்றை முதல் வரைவிலேயே சேர்க்க வேண்டும். கருவிகள் சந்தைக்கு வந்த பிறகு திருத்துவது பெரும்பாடு.

இப்படிக்கு,
ஒரு வாசகர்