ஆறு டாலரும் ஆறு சென்ட்டும்

புளோரிடா மாநிலக் கல்வி வாரிய உறுப்பினர்களுக்கு,

வணக்கம். உங்கள் மாநிலத்தில் ஏழாம் வகுப்புப் படிக்கும் பெண்ணின் அம்மா நான். 2023 ஜூலையில் நீங்கள் ஏற்ற கறுப்பின வரலாற்றுப் பாடத்திட்டத்தில், அடிமைகள் வளர்த்துக்கொண்ட திறன்கள் சில நேரங்களில் அவர்களுடைய சொந்த நன்மைக்கும் பயன்பட்டன என்று ஒரு வரி வருகிறது. அடிமைகள் பட்ட கொடுமைகளும் அதே திட்டத்தில் இருக்கின்றன, இல்லையென்று சொல்லவில்லை. எனக்குப் பிரச்சினை அந்த ஒரு வரிதான்.

அந்த வரியை எனக்கு முன்பே தெரியும். 1837 பிப்ரவரியில் தென் கரோலினா மாநிலத்தின் செனட்டர் ஜான் கால்ஹூன் அமெரிக்க செனட் சபையில் எழுந்து, அடிமைமுறை தீமையல்ல, நன்மையே என்றார். அதுவரை அடிமைமுறை இருந்த தெற்கு மாநிலங்களிலேயே பலர், 'தலையில் விழுந்த சுமை, என்ன செய்வது' என்று மென்று விழுங்கிக்கொண்டிருந்தார்கள். அந்தக் கூச்சத்தையும் அவர் துடைத்துப்போட்டார். ஆப்பிரிக்கர்கள் உடலிலும் ஒழுக்கத்திலும் அறிவிலும் இவ்வளவு தேறியது அமெரிக்காவில்தான் என்பது அவர் வாதம்.

அறிவில் தேறினார்களாம்! அடிமைக்கு எழுதப்படிக்கச் சொல்லிக்கொடுக்கும் வெள்ளையருக்கு 100 டாலர் வரை அபராதம், ஆறு மாதம் வரை சிறை என்று 1834இல் சட்டம் போட்டது அதே தென் கரோலினா. அடிமையாகப் பிறந்து, தப்பி வந்து, அடிமைமுறையை எதிர்த்துப் பேசியும் எழுதியும் வந்த ஃபிரடெரிக் டக்ளஸ் 1852இல் நியூயார்க் மாநிலத்து ராச்செஸ்டரில் பேசும்போது இந்த இடத்தில்தான் பிடித்தார். வயலில் மேயும் மிருகங்களுக்கு இப்படி ஒரு சட்டம் இருந்தால் காட்டுங்கள், பிறகு அடிமை மனிதன்தானா என்று வாதாட வருகிறேன் என்றார்.

டக்ளஸும் தொழில் கற்றவர்தான். பால்டிமோர் கப்பல் பட்டறையில், மரக்கப்பலின் பலகை இடுக்குகளை நீர் புகாமல் அடைக்கும் வேலை. கற்கும்போதே வெள்ளைத் தொழிலாளிகள் அடித்த அடியில் ஒரு கண் போகப் பார்த்தது. கைதேர்ந்த பிறகு வந்த கூலியை வாராவாரம் எஜமானிடம் எண்ணிவைக்க வேண்டும். ஆறு டாலர் கொண்டுபோன வாரத்தில், எஜமான் சில சமயம் ஆறு சென்ட் எடுத்துக் கையில் கொடுப்பாராம். அந்தக் காசு தன்னை இன்னும் நோகடித்தது என்று டக்ளஸ் எழுதியிருக்கிறார். அதைக் கொடுப்பதே, முழுக்கூலியும் உழைத்தவனுக்குத்தான் சேரவேண்டும் என்பதை எஜமான் ஒப்புக்கொள்வதுபோல டக்ளஸுக்குப் பட்டது.

1838இல் தப்பி, வடக்கே மாசசூசெட்ஸ் மாநிலத்து நியூ பெட்ஃபோர்டுக்குப் போனார். அங்கே அடிமைமுறை இல்லை. ஆனாலும் கறுப்பரோடு சேர்ந்து வேலைசெய்ய வெள்ளைத் தொழிலாளிகள் மறுத்தார்கள். கற்ற தொழிலை மூட்டைகட்டி வைத்துவிட்டு விறகு அறுத்தார், கரி அள்ளினார், எண்ணெய்ப் பீப்பாய் உருட்டினார்.

மிஞ்சிய கூலியைச் சேர்த்துத் தங்களை மீட்டுக்கொண்டவர்களும் உண்டே என்பீர்கள். உண்டு. ஒருவர் தன் உடம்பைத் தானே விலைகொடுத்து வாங்கியதை எந்தப் பாடத்தில் நன்மை என்று எழுதுவது?

அந்த வரியை எடுக்க மனமில்லையென்றால் இடத்தையாவது மாற்றுங்கள். அடிமைமுறைக்கு ஆதரவாகச் சொல்லப்பட்ட வாதங்கள் என்ற பாடத்தில், கால்ஹூனின் பேச்சுக்குக் கீழே வையுங்கள். எதிர்ப்பக்கத்தில் டக்ளஸின் வாரக் கணக்கைப் போடுங்கள். ஆறு டாலரில் ஆறு சென்ட் எத்தனை சதவீதம் என்று என் மகளுக்குக் கணக்குப் போடத் தெரியும்.

இப்படிக்கு,
ஒரு மாணவியின் தாய்