பொதுக்குழுவில் செயலாளர் வாசித்த ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும், பொருளாளர் மற்றும் ஆட்சிக்குழு உறுப்பினர்களுக்கும், மழையைப் பொருட்படுத்தாமல் வந்திருக்கும் பதினேழு உறுப்பினர்களுக்கும் வணக்கம். கூட்டம் நடக்க இருபத்தைந்து பேராவது வேண்டும் என்பது நம் விதி. அரைமணி நேரம் ஒத்திவைத்துக் கூடினால் எத்தனை பேர் இருந்தாலும் செல்லும் என்பதும் நம் விதிதான். இந்த இரண்டாவது விதியை எழுதி வைத்த முன்னோர்களுக்கு முதல் நன்றி.

குடியரசு தினத்துக்கும் சுதந்திர தினத்துக்கும் கொடி ஏற்றி மிட்டாய் வழங்கினோம். பொங்கல் கோலப்போட்டி நடந்தது. கண் பரிசோதனை முகாம் நடந்தது. கழிவுநீர் அடைப்பு குறித்து மூன்று மனுக்கள் கொடுத்தோம். மூன்றுக்கும் ரசீது பத்திரமாக இருக்கிறது, அடைப்பும் அப்படியே இருக்கிறது.

இனி நுண்ணோக்கி விவகாரத்துக்கு வருகிறேன். சங்கப் பணத்தில் செயலாளர் பூதக்கண்ணாடி வாங்கிவிட்டார் என்று திருவல்லிக்கேணி முழுக்கப் பேச்சு. முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆய்வகத்தில் ரத்தம் பார்த்துக் கண் பூத்தவன் நான். எனக்காக அதை வாங்க வேண்டிய தேவை இல்லை. வாங்கியது பழையது, பிராட்வே பக்கத்துக் கடையில் பேரம் பேசி வாங்கியது. ஆட்சிக்குழு ஒப்புதல் நடவடிக்கைக் குறிப்பேட்டில் இருக்கிறது. அன்று கையெழுத்துப் போட்டவர்களில் இருவர்தான் பிறகு அதிகம் பேசினார்கள்.

படிப்பகத்தில் ஞாயிறுதோறும் காலை பத்து மணிக்கு உயிரணு வகுப்பு வைத்தோம். முதல் வாரம் வெங்காயத் தோலை உரித்து, ஒரு சொட்டு டிங்சர் அயோடின் விட்டுக் காட்டினேன். செங்கல் அடுக்கியது போல அறை அறையாகச் செல்கள், ஒவ்வொன்றிலும் ஓர் உட்கரு. 1665இல் ராபர்ட் ஹூக் தக்கைத் துண்டில் கண்டதும் இப்படிப்பட்ட அறைகளைத்தான். ஆனால் அவர் பார்த்தவை காலி அறைகள், உள்ளே இருந்தவர்கள் எப்போதோ காலி செய்துவிட்டுப் போயிருந்தார்கள். மிச்ச அயோடினைப் பழைய சோற்றில் விட்டதும் அது கருநீலமானது. மாவுச்சத்து இருக்கிறது என்பதற்கு அதுவே சாட்சி. இதற்குப் பிறகு வெங்காயச் செலவு எதற்கு என்று தணிக்கையின்போது ஒருவர் கேட்டார். அது என் வீட்டு வெங்காயம்.

கூட்டம் நிறைந்தது வாழைப்பழ வகுப்பில்தான். பழத்தை மசித்து, உப்பும் பாத்திரம் துலக்கும் சோப்புத் திரவமும் கலந்த நீரில் கரைத்து, பழைய வேட்டித் துணியில் வடிகட்டினோம். செல்லின் உறை இரண்டு அடுக்குக் கொழுப்பு. எண்ணெய்ச் சட்டியைக் கழுவும் அதே சோப்பு அதையும் உடைத்துவிடும். வடிகட்டிய நீரின் மேல், ஐஸ் பெட்டியில் வைத்திருந்த சர்ஜிக்கல் ஸ்பிரிட்டைக் கண்ணாடி டம்ளரின் ஓரமாக மெல்ல விட்டேன். இரண்டும் சேரும் இடத்தில் வெள்ளை வெள்ளையாக நூல்கள் எழும்பின. எட்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி ஈர்க்குச்சியால் அதைச் சுற்றி எடுத்துத் தன் பாட்டியிடம் காட்டினாள். "குழைந்த சேமியா மாதிரி இருக்கிறதே" என்றார் பாட்டி. அது பரம்பரைக் குணங்களைச் சுமக்கும் டி.என்.ஏ.; கொஞ்சம் புரதமும் ஒட்டியிருக்கும், மறைப்பதற்கில்லை. கண்ணுக்கே தெரியாத நம் செல் ஒன்றில் இருப்பதை நீட்டினால் ஏறத்தாழ இரண்டு மீட்டர் வரும் என்றேன். "அவ்வளவையும் யாரப்பா சுருட்டி வைத்தது?" என்றார். ஹிஸ்டோன் என்ற புரதத்தில்தான் நூல்கண்டு போலச் சுற்றியிருக்கிறது என்று சொல்லி முடிப்பதற்குள், மீதி வாழைப்பழங்களைப் பிள்ளைகள் தீர்த்திருந்தார்கள்.

புரத வகுப்புக்கு வந்தவர்கள் நான்கு பேர். அன்று கிரிக்கெட் ஆட்டமாம். நம் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் 1954, 1955 ஆண்டுகளில் கொலாஜனின் அமைப்பைக் கண்டு சொன்னார்கள்; தோலுக்கும் தசைநாணுக்கும் உறுதி தரும் அந்தப் புரதம் மூன்று இழைகள் முறுக்கிய கயிறு. புரத இழை என்பது அமினோ அமிலங்களைக் கோத்த மாலை; ஒவ்வோர் இழையிலும் மூன்றாவது மணிதோறும் கிளைசின் இருந்தாக வேண்டும். நடுவில் இடம் அவ்வளவு நெருக்கடி, அந்தச் சின்ன அமினோ அமிலம் மட்டுமே நுழையும். இதற்காக மூன்று நிறச் சணல் கயிறு வாங்கிப் போயிருந்தேன். நாற்பது நாற்காலிகளில் முப்பத்தாறு அதைக் கேட்டுக்கொண்டிருந்தன.

மழைக்காலத்தில் லென்ஸில் பூஞ்சை படர்ந்தது. அலமாரியில் சிலிக்கா ஜெல் வைக்கப் பணம் கேட்டேன், கிடைக்கவில்லை. சந்தா கேட்காமலே வந்து சேர்ந்த ஒரே புது உறுப்பினர் அந்தப் பூஞ்சைதான்.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வைப்பார். சுருக்கமாகச் சொன்னால் வரவை விடச் செலவு சற்றுக் கூடுதல், வித்தியாசம் சமாளிக்கக்கூடியது, சமாளித்தவர் யார் என்பது இங்கே வேண்டாம். ஆண்டுச் சந்தா 300 ரூபாய். பாதிப் பேருக்கு மேல் தரவில்லை. சிலர் மூன்றாண்டுகளாகத் தரவில்லை. பெயர்ப் பட்டியலை அறிவிப்புப் பலகையில் ஒட்டலாம் என்ற யோசனையைத் தலைவர் தடுத்துவிட்டார்.

இங்கே உயிர்வேதியியல் அறிஞர் எல்லப்பிரகத சுப்பாராவை நினைக்காமல் இருக்க முடியவில்லை. மெட்ரிகுலேஷனில் இரண்டு முறை தவறி, மூன்றாம் முறை நம் இந்து உயர்நிலைப் பள்ளியில் படித்துத் தேறியவர். 1929இல் அமெரிக்காவில் ஃபிஸ்கே என்ற அறிஞருடன் சேர்ந்து, செல்லின் வேலைகளுக்கு ஆற்றல் தரும் ஏ.டி.பி. என்ற மூலக்கூறைக் கண்டறிந்தவர்; அதே ஆண்டு ஜெர்மனியில் லோமனும் கண்டறிந்தார். செல்லின் ரொக்கப் பணம் அது. உடலில் ஒரு நேரத்தில் இருப்பது சொற்பம். ஆனால் செலவான மூலக்கூறோடு மறுபடி பாஸ்பேட் சேர்ந்து, நாளொன்றுக்கு ஏறக்குறைய நம் உடல் எடை அளவுக்குச் சுழன்று வருகிறது. சங்கத்தின் கையிருப்பும் சொற்பம்தான். மறுபடி சேர்வதுதான் இல்லை.

படிப்பகத்தைத் தந்து உதவிய வீட்டு உரிமையாளருக்கும், நாற்காலி தந்த பந்தல்காரருக்கும், தேநீர் கொண்டுவந்த தம்பிக்கும் நன்றி. பொருளாளருக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு இந்தப் பொறுப்பை இளையவர் யாராவது ஏற்றால் மகிழ்வேன். உடம்பு முன்போல் இல்லை. யாரும் முன்வராவிட்டால் கட்டாயத்தின் பேரில் தொடர வேண்டியிருக்கும். அப்படித் தொடர நேர்ந்தால், லென்ஸ் சுத்தம் செய்யும் செலவையும் ஒரு பெட்டி கண்ணாடித் தகட்டையும் குழு முன்கூட்டியே ஒப்புக்கொள்ள வேண்டும். ரசீதுப் புத்தகம் இதோ மேசை மேல் இருக்கிறது, பேனாவும் இருக்கிறது. சில்லறையும் கொண்டுவந்திருக்கிறேன்.